மிதந்த சொட்டு

14 நவம்பர், திங்கள்

விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. மலை முழுக்க மேகம். ஏழாம் வகுப்புத் தாள் பாதிதான் திருத்தினேன்.

மாலை பெரியாஸ்பத்திரி. நாத்தனார் கமலாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டியாம். மாதக்கணக்கில் உதிரப்போக்கு. யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. உதடு சுண்ணாம்பு மாதிரி.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், ரத்தம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டாராம். ரெண்டு பாட்டில். கமலா ஓ குரூப். அவள் வீட்டுக்காரர் சண்முகமும் ஓ, ஒன்று கொடுத்துவிட்டார். இன்னொன்று வேண்டும்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்க இல்ல? வரச் சொல்லுங்க, பார்ப்போம்."

அண்ணன் ஒருவர், தம்பி ஒருவன். என் வீட்டிலேயே இருக்கிறார்கள். கவலை விட்டது என்று நடந்து வந்தேன். முட்டாள்.

15, செவ்வாய்

இவர் மண்டியிலிருந்து வந்ததும் சொன்னேன். காதில் விழாதது போல் சட்டையைக் கழற்றினார். மறுபடி சொன்னேன்.

"நாள் பூரா மூட்டைக்கு நடுவுல நிக்கிற உடம்பு. எடுத்த ரத்தம் திரும்பி வருமா?"

"ஊறும். டாக்டரம்மாவே சொன்னாங்க."

"நீ பி.ஏ. தானே படிச்ச? டாக்டருக்கா படிச்ச?"

சரி, கொழுந்தனைக் கேட்போம். முருகேசன் கார்த்திகை தீப விரதத்தில் இருக்கிறான். "இன்னா அண்ணி நீ, நெய் எடுத்துக்கினு மலை ஏறப்போறவன். இந்த நேரத்துல ரத்தம் போனா தீட்டு."

தீட்டு! இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாதா மாதம் பின்கட்டில் தனித் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். அந்த வார்த்தையை என்னிடமே சொல்கிறான். வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கும்போது "நாமெல்லாம் ஒரே ரத்தம் கமலா" என்று குழைந்த வாய். அன்றைக்கு ஒரே ரத்தம். இன்றைக்குத் தீட்டு.

வாங்க வேண்டியது: பார்லி, சிவப்பு மை, கமலாவுக்கு உள்பாவாடை ரெண்டு.

16, புதன்

நானே கொடுப்பது என்று முடிவு. காலேஜில் ஒரு முறை பரிசோதித்தார்கள், நானும் ஓ. ஹெச்.எம்.மிடம் அரை நாள் லீவு. முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்.

தலைக்குக் குளித்து, விபூதி வைத்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். யாரும் சொல்லவில்லை. நல்ல காரியம் என்றால் வெறும் வயிறு என்று நானே நினைத்துக்கொண்டேன். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் கத்தினாள்.

"கோயிலுக்கா வந்தீங்க? சாப்பிட்டுட்டு, நல்லா தண்ணி குடிச்சிட்டு வரணுங்க. மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்கறது?"

வெளியே போய் இட்லி சாப்பிட்டு வந்தேன். எடை போதும் என்றாள். சமீபத்தில் காமாலை? மலேரியா? இல்லை. பிறகு விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டாள். மயில்துத்தம் கரைத்ததாம். நல்ல ரத்தம் மூழ்கும், சத்தில்லாதது மிதக்கும்.

மிதந்தது.

இன்னொரு விரல். அதுவும்.

"ரத்தம் கம்மிக்கா. உங்களுக்கே பத்தாது. இன்னா சாப்பிடறீங்க?"

என்ன சாப்பிடுகிறேன்? மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் இவருக்கும் முருகேசனுக்கும், எனக்கு எலும்பும் குழம்பும். அப்படிப் போடு என்று யாரும் சொன்னதில்லை. என் கைதான் போடுகிறது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

"வருத்தப்படாதீங்க. கொடுக்கறேன்னு தானா வர்ற பொம்பளைங்களுக்குப் பாதி நாள் இப்படித்தான். மூழ்கற ரத்தமெல்லாம் வெளிய டீக்கடையில உக்காந்துனு இருக்கு."

சிரித்தேன். வராண்டாவுக்கு வந்ததும் அழுகை.

17, வியாழன்

மரகதம். எங்கள் டிரில் டீச்சர். அவளுடைய சாப்பாட்டு கேரியர் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பிரசித்தம்.

"பள்ளிக்கூடத்துக்கே சமைச்சு எடுத்துட்டு வந்தியா மரகதம்?"

"ஆமா, உனக்கும் வேணும்னா தட்ட நீட்டு."

தினமும் இதுதான். நானும் சிரித்திருக்கிறேன். இன்று அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கமலாவைப் பற்றிச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "நானும் ஓ தான். வா, போலாம்."

அவள் சொட்டு கல் மாதிரி கீழே போனது. சிஸ்டருக்கே சந்தோஷம். பாட்டில் நிறைந்ததும் காபி, பன். மாலை பிள்ளைகளை ஓடவிட வேண்டும் என்று விசிலைத் தேடினாள். "இன்னிக்கு ஓட்டமெல்லாம் கூடாது" என்று சிஸ்டர் பிடித்து உட்காரவைத்தாள்.

வீட்டில் முருகேசன் விசாரணை.

"யாரு அந்த டீச்சர்? எந்த ஊரு? என்ன ஆளுங்க?"

"பசிக்குச் சாப்பிடற ஆளுங்க" என்றேன்.

19, சனி

நேற்று ஆபரேஷன் முடிந்தது. கமலா கண் திறந்து "அண்ணி" என்றாள். ஆனால் கட்டி பெரிது, ரத்தச் சேதம் ஜாஸ்தி. இன்னும் ஒரு பாட்டில் ஏற்றினால்தான் தைரியமாக இருக்கலாமாம். சண்முகமும் மரகதமும் மூன்று மாதத்துக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது. எனக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் நாளைக்கே ரத்தமாகாது.

இவர் யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். "அந்த டீச்சருக்கு ஒரு பொடவை எடுத்துக் குடு. இன்னொரு தபா கேட்டுப் பாரு."

கையிலிருந்த கரண்டியை வீசினேன். சுவரில் பட்டது. "அவ என்ன பசுவா, நினைச்சப்போ கறக்க? உங்க தங்கச்சிங்க அது!"

பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

இவர் கரண்டியை எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ஊசின்னா பயம்டி."

லாரிக்காரர்களை அதட்டுகிற மனிதர். பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம் இரண்டு மடங்கானது. மூட்டை, உழைப்பு, எடுத்த ரத்தம் திரும்பாது, எத்தனை பேச்சு! பயம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு கமலாவைச் சாகவிட இருந்தார்.

"சரி, பயந்துகினே வாங்க" என்றேன்.

21, திங்கள்

வெயில். காலையில் தட்டு நிறைய இட்லி வைத்து, பக்கத்தில் நின்று சாப்பிடவைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு அறுந்துவிட்டது, தைத்துக்கொண்டு நாளை வரலாமா என்றார். வெறுங்காலோடு வாருங்கள் என்றேன்.

குரூப் சேர்ந்தது. படுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் தோலில் பதிந்துவிட்டது, இன்னும் வலிக்கிறது.

"ஐயா, கண்ணத் தொறங்க. முடிஞ்சிடுச்சு."

கையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கமலா இத்தனை நாள் அங்கே வெளுத்துக் கிடந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கடைசி வார்டு வரை கேட்டிருக்கும். பாட்டிலை எடுத்துக்கொண்டு சிஸ்டர் நடந்தாள். அவரை அங்கேயே விட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.