வழுக்கிய பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

கொழுந்தனார் காரைத் திருப்பிக் கொடுத்து மூன்று நாளாகிறது. "ரெண்டு சொட்டு பால்தான் சிந்திச்சு அண்ணி." இரண்டு சொட்டா? பின் சீட்டுக்கு அடியில் ஒரு பாக்கெட்டே உடைந்து ஊறியிருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து களைத்து வரும் மாமா வழி நெடுக மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். வாரம் மூன்று நாள் அவரைக் கூட்டிப்போய் வருவது நான். நாற்றத்தைச் சகிப்பதும் நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்ச் 5

இவர் வாசனை ஸ்பிரே அடித்தார். இப்போது கெட்டுப்போன பால், ரோஜாப்பூ வாசனையோடு. கண்றாவி.

மார்ச் 6, வியாழன்

காலையில் நான் குளித்து வருவதற்குள் இவர் காருக்குள் ஒரு இடம் விடாமல் பாலிஷ் தடவி வைத்திருந்தார். டாஷ்போர்டில் முகம் பார்க்கலாம். "எப்படி?" என்றார். நன்றாயிருக்கிறது என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

சிக்னலில் பிரேக்கை மிதித்தால் செருப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. மறுபடி மிதித்து வண்டி நின்றபோது, குறுக்கே போன பெண்மணிக்கும் காருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. பானெட்டில் கையை ஊன்றி அப்படியே நின்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இவரிடம் சொன்னேன். "அவசரமா ஓட்டியிருப்ப" என்றார். அவசரமாம்! பதினோரு வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா? இதை யார்கிட்ட சொல்லி அழ?

மார்ச் 7

பாலிஷ் பாட்டிலைத் தேடி எடுத்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில்: ஸ்டியரிங், பெடல், சீட் பெல்ட்டில் பூச வேண்டாம். இவரிடம் நீட்டினேன்.

"இதெல்லாம் சும்மா போடுவாங்க."

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "சும்மாவா? நானும் அந்த வண்டிலதான்டா இருந்தேன். போய் ஒரு தடவ மிதிச்சுப் பாரு."

போனார். எஞ்சினைப் போடாமலே மிதித்தார். கால் சறுக்கி முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. மறுபடி மிதித்தார். மறுபடியும் சறுக்கியது. "அவசரமா மிதிச்சிருப்பீங்க" என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது.

மாலையில் நான்கு கதவையும் திறந்து போட்டோம். கொஞ்சம் சோப்புத் தண்ணீர், நன்றாகப் பிழிந்த துணி. பெடலை பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் பிசுக்கு ஒட்டாமல் போகும் வரை துடைத்தது இவர்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு சுவிட்சுகள் பக்கம் போனவரை ஓர் அதட்டு அதட்டினேன். கொழுந்தனாருக்குப் போன் போட்டு வரவழைத்து, தயிராகிக் கிடந்த விரிப்பைக் கையில் கொடுத்தேன்.

"நானா அண்ணி?"

"பின்ன, மாடா வந்து அலசும்?"

ராத்திரி முழுக்க விரிப்பு மாடியில் காயட்டும்.

மார்ச் 8, சனி

கிளம்பும் நேரத்தில் வாசலில் காரைக் காணோம். பதறிப் போனேன். பார்த்தால் தெருமுனையிலிருந்து இவர் ஓட்டிக்கொண்டு வருகிறார், பத்தடிக்கு ஒரு முறை நின்று நின்று. இறங்கி சாவியை நீட்டினார்.

"ஆறு தடவ பிடிச்சுப் பாத்துட்டேன். நிக்குது."

பிறகு, "நானும் வரேன்" என்று பின் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரை ஒரு தடவைகூட "மெதுவா" என்று சொல்லவில்லை.