கல்லில் மிச்சமிருந்த ஒரு வரி

அக்டோபர் 28

மழை. கோடையில் ஊரே தண்ணீர் லாரி பின்னால் ஓடிய அதே வருஷம், இப்போது லிங்கராஜபுரம் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. ஞாபகம் மட்டும் போகவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, சாமந்தி, துடைப்பம்.

குடும்பக் கல்லறைக் கல் எமர்ஜென்சி வருஷம் வைத்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் ஆறு பேர். எட்டுப் பெயரும் அடங்கவேண்டுமென்று பெரிய அண்ணன் பொறுக்கிய இங்கிலீஷ் எழுத்து. மாதா கோயில் ஜன்னல் போல ஒல்லி, உயரம், கூர் முனை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பிறகு கல்லறை மேடைக்கு சிமெண்ட் போட்டதில் அடிவரி மூடிப்போனது. மிச்சம் ஒரு வரி. இன்னும் ஏறாமல் உயிரோடு இருப்பது நானும் தம்பி சேவியரும்.

என் பெண்டாட்டி பிலோமினா போனபோது அவள் பெயரைப் போடக் கேட்டேன். "கட்டிக்கிட்டு வந்தவளுக்கெல்லாம் இந்தக் கல்லுல இடமில்ல" என்றான் சேவியர். அதே குடும்பக் குழியில்தான் கிடக்கிறாள். பெயர் மட்டும் இல்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

அக்டோபர் 30

தூறல். முட்டி வலி. சேவியர் மகன் வினோத் வந்தான். கம்ப்யூட்டரில் போர்டு, லோகோ செய்கிறவன். நம் கல்லைப் போட்டோ எடுத்து, அந்த எழுத்தை ஏ முதல் இசட் வரை செய்திருக்கிறானாம்.

"கோத்திக் ஸ்டைல், பெரியப்பா. கொஞ்ச இடத்துல நிறைய அடங்கும், தூரத்துலயே கண்ணுல அடிக்கும். பீர் பப் போர்டு, டி-ஷர்ட், போஸ்டர், எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

எங்கள் அப்பன் பெயர் வெட்டிய எழுத்தில் பீர் விற்கிறான்.

ஒரு பேப்பரை விரித்துக் காட்டினான். "எழுத்தை இன்னும் ஒடுக்கிட்டேன். அந்த ஒரே வரியில நீங்களும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல வந்துடுவீங்க."

"உங்கப்பன் பக்கத்துல நான் பஸ்ல கூட உக்கார மாட்டேன். என் பேரை எடு. பிலோமினா பேரைப் போடு."

"அப்பா ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப பேப்பரை மடிச்சு எடுத்துட்டுப் போடா."

காபி கொடுக்கவில்லை.

நவம்பர் 2

வெயில். கல்லறையில் கூட்டம். சேவியர் நாற்காலியில், மூச்சு வாங்கிக்கொண்டு. என்னைப் பார்க்காமல் மகனிடம்: "நான் இருக்கற வரைக்கும் அந்தப் பேர் ஏறாது, சொல்லிடு."

நானும் வினோத்திடமே: "எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம், சொல்லிடு."

சாமந்தி அழுகல். பூக்காரன் ஏமாற்றிவிட்டான்.

நவம்பர் 19

மழை விட்டது. சேவியரைப் புதைத்தாயிற்று. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்ததாம். அழுகை வரவில்லை.

வினோத்: "இனி நீங்கதான் பெரியவர். சொல்லுங்க."

"பிலோமினா முதல்ல. உங்கப்பன் அவ பக்கத்துல."

"அப்ப உங்களுக்கு?"

"கேட்டேனா?"

டிசம்பர் 7

குளிர். ஸ்வெட்டரில் ஓட்டை. கல் கொத்துகிறவன் முடித்துவிட்டான். படிக்கத் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்தேன். முதலில் ஒற்றைக் காது வைத்த குச்சி, அது பிலோமினா. பிறகு குறுக்கே போட்ட இரண்டு கட்டை, அது சேவியர். இரண்டு பெயருக்கும் நடுவில் விரல் நுழையாது. இடமில்லை என்றவன் இனி அவளை இடித்துக்கொண்டே கிடக்கட்டும்.

"இன்னு ஜாக இல்ல, அஜ்ஜா" என்றான் கொத்துகிறவன், கன்னடத்தில். இனி இடமில்லையாம்.

தெரியும். எட்டுப் பேரில் கல்லில் ஏறாதவன் ஒருத்தன். உயிரோடு இருப்பவனும் அவன்தான். லூர்துசாமி.