அந்தக் கதவு ஏன் திறந்தது, அத்தான்?

என்ர அன்பு அத்தானுக்கு,

அக்கா உங்களிட்ட வந்து சேர்ந்திருப்பா. இங்கே ஸ்காபரோ வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆயத்தம் நடக்கிறது. அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மலரில்தான் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறேன். அவ இருக்கும்வரை சொல்ல முடியாத கதை. இனி எல்லாரும் வாசிக்கட்டும்.

ஊரில் சண்டை முடிந்த அந்த மே மாதத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துத் திரிந்தோம் என்று நினைவிருக்கிறதா? எங்களோடு ஆர்ப்பாட்டத்துக்கு றோட்டில் வந்து நின்று கத்தாதவன் எல்லாம் ஆரோ அனுப்பின உளவாளி. உங்கள் கராஜுக்கு உதவிக்கு வருகிற மெக்கானிக் குகன் ஒருநாளும் வந்ததில்லை. "எனக்குக் கத்த வராது அண்ணை" என்பான். அப்போதே அவனில் எனக்கு ஒரு கண்.

அந்தப் பழைய காரை ஒஷாவாவில் துருப்பிடித்த கூடாக வாங்கி, புது எஞ்சின் போட்டு, கூரையைத் தாழ்த்தி ஹொட் றொட் ஆக்கினீர்கள். அதன் கதவுகள் முன்பக்கம் திறக்கும், பிணைச்சல் பின்பக்கம். ஓடும்போது கொஞ்சம் திறந்தால் போதும், காற்றுப் புகுந்து அப்படியே விரித்துவிடும். அதற்காக நீங்களே ஒரு பூட்டுச் செய்தீர்கள். விரல் தடிப்பில் ஒரு இரும்புப் பின், அதற்குப் பின்னால் ஸ்பிரிங். கதவைச் சாத்தினால் அந்தப் பின், கதவுக்கு முன்னாலுள்ள தூணின் துளைக்குள் போய் 'டக்' என்னும். அதைக் கதவில் வெல்டிங் பண்ணியவன் குகன்.

"வெள்ளைக்காரர் உதுக்குத் தற்கொலைக் கதவு எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள்," என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பகிடியாகச் சொன்னீர்கள். அக்காவின் முகம் கறுத்துப்போனது.

"ஐயோ, உந்த நாசமாப்போன காரை வித்துத் துலையுங்கோ!"

"அதுதான் பூட்டுப் போட்டாச்சே. உமக்கென்ன விசரே?"

அடுத்த கிழமை, வேலைக்குப் போகிற வழியில் உங்கள் பக்கத்துக் கதவு திறந்தது. இழுத்துச் சாத்தக் கையை நீட்டினீர்களாக்கும். காருக்குச் சீட் பெல்ட் இன்னும் பொருத்தியிருக்கவில்லை. றோட்டில் விழுந்த நீங்கள் எழும்பவில்லை.

பழைய கார், பழைய கதவு என்று பொலிஸ் முடித்துக்கொண்டது. நான் முடிக்கவில்லை. "விக்கிறதெண்டா எனக்குத் தாங்கோ" என்று அந்தக் காரைக் கேட்டுத் திரிந்தவன் யார்? குகன். பூட்டில் கை வைத்தவன் யார்? அவனே. செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மூலையில் நின்று தேத்தண்ணி குடித்தான், கள்ளன். அக்காவும் அழுதழுது அதையே சொன்னா: "அவன்ர வெல்டிங்தான் விட்டிருக்கு." அந்தக் கதை அஜின்கோர்ட் கடைகளெல்லாம் போய்ச் சேர்ந்தது. பிறகு எங்கட ஆட்கள் ஒருவரும் அவனிடம் கார் திருத்தக் கொடுக்கவில்லை.

கார் கராஜுக்குத் திரும்பி வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. ஆனால் வெல்டிங் அப்படியே இருந்தது. சுத்தியலால் அடித்தும் பார்த்தேன், அசையவில்லை.

இரும்புப் பின்தான் பாதி வெளியே நின்றது. அதன் கழுத்தில் மஞ்சள் நூல், சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சில் குங்குமம். றிச்மண்ட் ஹில் கோயில் காப்பு நூல். அந்தத் தடிப்பு தடுத்ததால் பின்னின் நுனி மட்டுந்தான் துளைக்குள் போயிருக்கிறது. அது யாருடைய கை வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேணுமா? வீட்டில் பிரிட்ஜுக்கு மட்டுந்தான் இன்னும் நூல் கட்டவில்லை என்று அக்காவைச் சீண்டியவர் நீங்கள்தானே.

அன்று 'டக்' கேட்கவில்லையே அத்தான், கவனிக்கவில்லையா? றேடியோவில் ஊரில் செத்த ஆட்களின் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்களா? அல்லது நூலைக் கண்டும், அவவின் மனம் நோகும் என்று அவிழ்க்காமல் விட்டீர்களா?

என் பின்னால் குகன் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவனும் பார்த்துவிட்டான். கத்தியை எடுத்து நூலை வெட்டித் தன் சட்டைப் பையில் போட்டான்.

"அக்காவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ அண்ணை. என்ர வெல்டிங் எண்டே இருக்கட்டும்."

"உன்ர பேர் கெட்டுப் போகுமடா."

"கெட்டது கெட்டதுதானே. அக்கா உயிரோட இருக்க வேணும்."

அன்றுதான் அவன் அழுததைப் பார்த்தேன். பிறகு ஒஷாவாவுக்குப் போய்விட்டான். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது என் சந்தேகம் அக்காவில், அத்தான். அதற்குப் பிறகும் அவ கோயிலுக்குப் போனா. ஆனால் ஒருநாளும் நூல் வாங்கவில்லை. தன் கையில் இருந்ததையும் கழற்றிவிட்டா. கேட்டால், "கை கடிக்குது" என்றா. கடைசியாக ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "குகன் சுகமா இருக்கிறானோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. அவவுக்குத் தெரியுமா? எப்போதிருந்து? நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கோபமாக மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவின் செத்தவீட்டுக்குக் குகன் வந்தான். உள்ளே வராமல் சப்பாத்துக் கழற்றுகிற இடத்திலேயே நின்றான். "உவன் என்ன துணிவில வந்தவன்?" என்று ஆரோ கேட்டது அவன் காதிலும் விழுந்தது. 

அந்தியேட்டி அன்று நானே ஒஷாவாவுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். இந்த மலரை எல்லாருக்கும் கொடுத்து, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். பிறகு உங்கள் இருவரின் படத்துக்கும் முன்னால், முதல் பந்தியில், என் பக்கத்தில் இருத்திச் சோறு போடுவேன். இது சத்தியம், அத்தான்.

உங்கட சின்ன மச்சான்