அகல்யா சொல்லாமல் விட்ட ஊர்

துவாரகா, புது தில்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே லீட்ஸ் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று மலை மந்திர் முருகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, குளிர்காலப் புகை வேறு ஆரம்பித்துவிட்டதால் காலை நடையை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே சோபாவைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார், பார்க்கிற எனக்குத் தலை சுற்றுகிறது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாய், இந்த ஃபிளாட்டில் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அகல்யா காதில் விழுகிறது. அதனால் எழுதுகிறேன். மேல் வீட்டு மேதா புதன்கிழமை லண்டன் கிளம்புகிறாள், இதையும் ஒரு பையையும் அங்கிருந்து உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மோதி பாக் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் தமிழ் படித்தவன் நீ, எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி. போனில் போட்டோ எடுத்து அதையே மொழிபெயர்க்கச் சொல்லாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

விசாவுக்கான இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் அகல்யா இரண்டாவது தடவையும் தேறவில்லை என்று தெரிந்த அன்று நீ கத்தினாயே, சொந்த ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேசக்கூடவா வராது, எல்கேஜி பசங்க சொல்லிடுமே என்று. அவள் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். உனக்குக் கோபம், மனைவி வந்து சேரவில்லை என்கிற தவிப்பு, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று நீ அவளைக் கேட்கவே இல்லை. நான் கேட்டேன், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்வன்று அவளோடு நான்தான் போனேன். மெட்ரோவில் போகும்போதெல்லாம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மை ஹோம்டவுன் இஸ் டெல்லி, இட் இஸ் எ வைப்ரன்ட் சிட்டி, ஐ லைக் டு வாக் இன் லோதி கார்டன். பண்ருட்டி என்றால் யாருக்குத் தெரியும், பாஸ்போர்ட்டில் டெல்லி முகவரிதானே, டெல்லி என்று சொன்னால் பேச நிறைய விஷயம் கிடைக்கும் என்று நீ சொல்லிக்கொடுத்தாய். எனக்கும் அது சரியான யோசனையாகத்தான் தெரிந்தது, அப்பாவும் செங்கோட்டை, குதுப் மினார் என்று இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தார். தேர்வு முடிந்து வெளியே வந்தவள் முகம் கழுவியது மாதிரி இருந்தது, அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ராஜீவ் சவுக் ஸ்டேஷனில் வண்டிகள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன, இவள் ஏறவே மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். நீ எழுதிக்கொடுத்தது அத்தனையும் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறாள். தேர்வு வைத்த அம்மா சிரித்துக்கொண்டே, லோதி கார்டனுக்கு யாரோடு போவீர்கள், அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் லோதி கார்டனைப் பார்த்ததே இல்லை. சரி, வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே போவீர்கள் என்று அவர் இன்னும் சுலபமாகக் கேட்டிருக்கிறார். ஐ டோன்ட் கோ எனிவேர் என்றாளாம். ஏன் என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேல் வாய் வரவில்லையாம். இங்கிலீஷ் வராம இல்ல அத்தை, எங்கயும் போறதில்லன்னு சொன்னது நெசமாப் போச்சேன்னு ஆயிடுச்சு, அதான் என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஜெகன். பத்து மாதமாக அந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கிறாள், தனியாக அவள் வெளியே போய் நான் பார்த்தது கிடையாது. சப்ஜிக்காரனிடம் காய் வாங்க நான் போகிறேன், பால் பூத்துக்கு அப்பா போகிறார், மருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது. டெல்லி மோசம், தனியா அனுப்பாதீங்க என்று நீயும் சொன்னாய், ஹிந்தி தெரியாதே, எவனாவது ஏமாற்றிவிடுவானே என்று நானும் பயந்தேன். நான் கல்யாணமாகி வந்தபோது மோதி பாக் குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டிலும் தமிழ், மேல் வீட்டிலும் தமிழ், ஒரு வருஷத்தில் ஆட்டோக்காரனோடு ஹிந்தியில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். இங்கே கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். அவள் அதிர்ந்து பேசாத பெண், அமைதியான சுபாவம் என்று நான் கோவிலில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் பார், அதை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை அகல்யாவும் நானும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது தடவைக்குத் தேதி பார்க்கட்டுமா என்று கேட்டேன், அவள் குனிந்து பீன்ஸையே நறுக்கினாள். சரி, நான்தான் பரீட்சை வைக்கிற அம்மா, டெல்லி வேண்டாம், பண்ருட்டி பற்றிச் சொல்லு, எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், தப்பு கண்டுபிடிக்க மாட்டேன் என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு ஆரம்பித்தாள் பார், பீன்ஸ் முடிந்தது, குக்கர் இறங்கியது, அவள் நிறுத்தவில்லை. இலக்கணம் அங்கங்கே நொண்டியிருக்கும், யாருக்குத் தெரியும், ஆனால் ஓரிடத்தில்கூட அவள் தேங்கவில்லை. கடலூரில் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் கவுன்ட்டரில் இருந்தாள் என்று பெண் பார்க்கும்போது சொன்னார்கள், நாம் தலையாட்டினோம், அதோடு விட்டோம். தினமும் காலையில் பண்ருட்டியிலிருந்து கடலூர் பஸ்ஸில் போவாளாம். இவள் வரக் கொஞ்சம் தாமதமானால் டிரைவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிறுத்தியே வைத்திருப்பாராம், டிரைவர் நோஸ் மை ஃபேஸ், ஹி வில் வெயிட் என்றாள். பலாப்பழ சீசனில் லாரி லாரியாக வந்து இறங்குமாம், பஸ்ஸில் சீட்டுக்கு அடியிலெல்லாம் பழம்தானாம், ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தாலும் புடவையில் அந்த வாசனை போகாதாம், கண்ணில் கட்டுப் போட்டிருக்கிற பெரியவர்கள் வாசனையை வைத்தே பண்ருட்டிப் பொண்ணு வந்துடுச்சு என்பார்களாம். பில்லைப் பார்த்துக் கத்துகிறவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லிச் சமாதானம் பண்ணி அனுப்புவது இவள் வேலையாம். நம் வீட்டில் வாயே திறக்காத இவள்! இன்னும் எவ்வளவோ சொன்னாள். அதையெல்லாம் நான் உனக்கு எழுதப் போவதில்லை.

நம் ஆட்கள் இந்த டெல்லியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி என்ன? உங்களுக்கு நேட்டிவ் எது. பண்ருட்டி என்றால், அட, எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா அங்கேதான் இருந்தார் என்போம், நமக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்போம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக நினைப்பு. இவள் இங்கே வந்ததிலிருந்து தமிழ்ச் சங்கத்தில், கோவிலில், கோபாலன் வீட்டுக் கொலுவில் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், அடுத்த கேள்வியை ஒருத்தர் கேட்கவில்லை. நானும்தான். பேசி முடித்துவிட்டுப் பீன்ஸ் காம்புகளைக் கூட்டி எடுத்துக்கொண்டே, இதெல்லாம் அவரு ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்ல அத்தை என்றாள். குறையாகச் சொன்ன மாதிரியே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் அவள் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. அங்க போயும் வீட்டுக்குள்ளதான இருக்கப் போறேன், அவரு சொல்லிக்கொடுக்கறதத்தான சொல்லப் போறேன், அதுக்கு எதுக்குங்க அத்தை பாஸ் பண்ணணும் என்றாள். நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும், கல்யாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் பிளேன் ஏறியவன் நீ, அதற்குப் பிறகு போனில் அவளிடம் பேசியதெல்லாம் தேர்வு, விசா, உச்சரிப்பு. வொய்ஸ் நோட் அனுப்பச் சொல்லித் திருத்துகிறாயாமே. உன்னை யாராவது தமிழில் உட்கார வைத்து உன் ஊரைப் பற்றிச் சொல் என்றால் நீ எத்தனை வரி தாண்டுவாய் என்று யோசித்துப் பார். அப்போது எதிரே இருக்கிறவர் உன் ளகர ழகரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் உனக்கு எப்படி இருக்கும்.

பண்ருட்டிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கேட்டாள். சரி என்றேன். அவனைக் கேட்காமலா என்று அப்பா முணுமுணுத்தார், நான் விடவில்லை, பிறகு அவரே உட்கார்ந்து லோயர் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் போட்டார். வியாழக்கிழமை ரயில் ஏறுகிறாள், அவளுடைய அப்பா சென்னைக்கு வந்து கூட்டிப் போகிறார். எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தேர்வைச் சென்னையிலும் எழுதலாம், எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் குளிர் உடுப்பு எதுவும் வைக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். பண்ருட்டிக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அவள் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, பாத்திரம் கழுவிக்கொண்டே பேசாதே. படித்தாயா என்று கேட்காதே, இங்கிலீஷில் பேசு என்று சொல்லாதே. ஊரைப் பற்றிக் கேள். கல்யாணத்துக்கு மூன்று நாள் அங்கே இருந்தோம், நீ மண்டபத்துக்கும் காருக்கும் நடுவில்தான் நடந்தாய், அதனால் உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்று சொல்லியே கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் எழுதாமல் விட்டதை அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லுவாளா என்று எனக்குத் தெரியவில்லை, முதல் நாளே சொல்லாவிட்டால் மறுநாளும் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அரிசி ஒரு கை போட்டால் ரைஸ் குக்கர் பார்த்துக்கொள்ளும். அப்பாவின் ஆசீர்வாதம், என் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டாவது சேர்ந்து இருக்க அந்த முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாவித்திரி பூவராகவன்

பின்குறிப்பு: பையில் பருப்புப் பொடிக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும், முந்திரி. அவள் அப்பா ஊரிலிருந்து அனுப்பியது. நேற்று அகல்யாவே வறுத்துப் போட்டாள். உனக்கு மிளகு தூக்கலாக, உப்புக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், கருகக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, இங்கே வந்த முதல் வாரமே அவளே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.