சிகரெட் இல்லாத தவக்காலம்

மார்ச் 1, 2017, புதன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, அப்படியே ரயிலேறித் திண்டிவனம். மண்டியில் மல்லாட்டை வரத்து அதிகம். கடலை மூட்டைகளை எடை போட்டே முதுகு போயிற்று.

சாயங்காலம் விழுப்புரம் வந்தால் எங்கள் வீட்டில் தெருக்காரர்களின் ஜெபக் கூட்டம். தவக்காலத்துக்கு யார் எதை விடப்போகிறோம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒருவர் கறி. ஒருவர் டி.வி. சீரியல். என் முறை வந்தது. மகள் ஜெனியின் இளைப்பு நிற்க வேண்டும், ஈஸ்டர் வரை சிகரெட்டைத் தொடமாட்டேன் என்றேன். கைதட்டல். மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கட்டின நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்தவள்.

மார்ச் 6, திங்கள்

ஐந்து நாள். தலைவலி. மண்டியில் இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன்.

மேரியின் தம்பி மலேசியாவிலிருந்து வந்திருக்கிறான். பேனா மாதிரி ஒன்றைக் கையில் திணித்தான். பட்டனை அழுத்தி இழுத்தால் மாம்பழ வாசனையோடு ஆவி வருகிறது. "இது சிகரெட்டே இல்ல மாமா, வெறும் ஸ்டீமு" என்றான்.

வாங்க வேண்டியது: துணி சோப்பு, ஜெனிக்குக் கோடு போடாத நோட்டு, கொசுவத்தி வேண்டாம் (ஜெனி).

மார்ச் 9, வியாழன்

பாத்ரூமில் மட்டும். சரி, மொட்டை மாடியிலும். கூட்டத்தில் நான் சொன்னது சிகரெட். இது சிகரெட் இல்லை. வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

பாத்ரூமில் என்ன வாசனை, புது சோப்பா என்று மேரி கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 18, சனி

மாலை ஐந்து மணிக்கு ஜெனிக்கு இளைப்பு. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோ. மாஸ்க் வைத்து மருந்து ஏற்றினார்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேரி முந்திக்கொண்டாள். இல்லீங்க, தவக்காலம் தொடங்கினதிலிருந்து இவர் தொடவே இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது பேன்ட் பாக்கெட்டில்.

அப்படியென்றால் தூசி, நாய் முடி, சாம்பிராணி இதையெல்லாம் கவனியுங்கள் என்றார்.

மார்ச் 20, திங்கள்

மேரி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். போனவை: பஞ்சுத் தலையணைகள், ஜன்னல் திரை, சாம்பிராணி டப்பா. மண்டித் தூசி உள்ளே வரக்கூடாதாம், வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்கிறாள். நல்ல பிள்ளை மாதிரி கழற்றுகிறேன்.

இன்று இரண்டு தடவை. இல்லை, நான்கு.

மார்ச் 25, சனி

ஜெனியின் நாய் பிரவுனியை வளவனூரில் அக்கா வீட்டில் விட்டு வந்தேன். ஜெனி அழவில்லை. "எனக்கு மூச்சு நல்லாயிட்டா திரும்ப இட்டாந்துடுவியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

போகும்போது கரும்புத் தோட்டத்துப் பக்கம் மொபட்டை நிறுத்தி, இழுத்தேன். கூடையிலிருந்து பிரவுனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மனுஷனா நான்.

ஏப்ரல் 3, திங்கள்

மழை வருகிற மாதிரி மூட்டம், வரவில்லை. நாய் போய் ஒன்பது நாள். ஜெனிக்கு மறுபடி இளைப்பு, மறுபடி மாஸ்க்.

வீட்டுக்கு வந்ததும் மேரி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் மொளகா தாளிக்கிறதுதான் புள்ளைக்கு ஒத்துக்கலையா? எல்லாத்தையும் தள்ளிட்டேன், நான்தானே பாக்கி?" நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறென்ன கொடுக்க முடியும், உண்மையையா. வெட்கமாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலையில், ரயிலுக்குக் கிளம்பும் முன். அந்தப் பேனாவை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். மேரி முகர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீங்க ஊதுனதக் கூட வுட்டுடுவேன். டாக்டரு கேட்டப்போ நான் இல்லன்னேன். நீங்க பாத்துக்கினு நின்னீங்க. எம் புள்ள விஷயத்துல என் வாயாலயே பொய் சொல்ல வச்சீங்களே."

மண்டிக்கு லீவு சொல்லியாயிற்று. பத்து மணிக்கு டாக்டரம்மாவிடம் போகிறோம். இந்தத் தடவை அவள் பேசமாட்டாளாம், நான்தான் சொல்ல வேண்டுமாம். ஜெனியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.