கீழ்வயலில் இறக்கிய இயந்திரம்

மகனுக்கு,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, உன் தங்கைக்கு இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருக்கிறது, எனக்கு உன்மேல் உள்ள கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை. நகரத்தில் நீ நலமாகத்தான் இருப்பாய், உன் செருப்பில் சேறு ஒட்ட வழியில்லை.

மரங்களில் இலையெல்லாம் கொட்டி முடிந்த பிறகும் இந்த வருடம் மழை போகவில்லை. பதினோரு நாள் விடாத தூறல். மேல்வயல் மக்காச்சோளத்தை அதற்கு முன்பே அறுத்துவிட்டோம், கீழ்வயல் எட்டு ஏக்கரும் அப்படியே நின்றது. புதன்கிழமைதான் வெயில் முகம் காட்டியது. சனிக்கிழமை வரை மண் இறுகட்டும், பிறகு இயந்திரத்தை இறக்கி இரண்டு நாளில் அறுத்து, கையோடு உழுது, உறைபனி விழுமுன் கோதுமை விதைத்துவிடலாம் என்று நானும் உன் தங்கையும் முடிவு செய்திருந்தோம். உன்னை யாரும் கேட்கவில்லை. வியாழன் காலை நீயாக அறுவடை இயந்திரக்காரருக்குப் போன் போட்டு, "சென்சார்ல ஈரம் பதினெட்டுதான் காட்டுதுண்ணே, மண்ணு காஞ்சிருச்சு, தைரியமா இறக்குங்க" என்று சொல்லியிருக்கிறாய். வீட்டில் பேசிவிட்டுத்தான் சொல்கிறாய் என்று நம்பி அவரும் இறக்கிவிட்டார். நான் கிடங்கில் கதிர் புரட்டிக்கொண்டிருந்தேன், இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் வரப்பிலிருந்து அறுபது அடி தள்ளி முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன.

அந்தச் சென்சாரை நீ எங்கே நட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? கோடையில் வந்தபோது மேல்வயல் பம்ப் அறைக்குப் பக்கத்தில் நட்டாய், வீட்டு வைஃபை அதுவரைதான் எட்டுகிறது என்றாய். அது மணல், ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். கீழே களிமண், ஒரு வாரம் தண்ணீரை விடாது. அப்போதே சொன்னேன். "ரெண்டும் ஒரே வயல்தானேம்மா, ஏன் இப்படிப் பயப்படுற" என்று சிரித்தாய். இயந்திரம் புதைந்த பிறகும் உனக்கு வாய் அடங்கவில்லை, கருவி சரியாகத்தான் காட்டியது என்று தங்கைக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறாய். காட்டினாள், பார்த்தேன். கோடு அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கோட்டின்மேல் ஓட்டியிருந்தால் சக்கரம் புதைந்திருக்காது.

இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து ஞாயிறு மதியம்தான் வெளியே எடுத்தார்கள். சனியும் ஞாயிறும் பளிச்சென்ற வெயில், தெரிந்துகொள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அறுத்து முடித்தார்கள், நாங்கள் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தோம். திங்கள் மாலை மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இழுத்த தடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், அரை ஏக்கர் பயிர் சேற்றோடு சேறாகப் போயிற்று. அச்சு வளைந்த இயந்திரம் பட்டறையில் கிடக்கிறது. மிச்சத்தைக் கையால் ஒடிக்கிறோம், தங்கை வேலைக்கு நான்கு நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு இறங்கினாள். நுனிக் கதிர்களில் பூஞ்சை வந்துவிட்டது. இயந்திரக்காரர் வாசலில் நின்று, "தம்பி சொன்னா நீங்க சொன்ன மாதிரின்னு நெனச்சுட்டேங்கக்கா" என்று தலையைச் சொறிந்தார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, உனக்குச் சேரவேண்டியதை அவருக்கு எதற்குக் கொடுப்பது.

நேற்று நானும் அவளும் மண்வெட்டியோடு கீழ்வயலில் நான்கு இடத்தில் தோண்டிப் பார்த்தோம். மண்ணைப் பிடித்துப் போட்டுப் பார்த்தோம், உருண்டை உடையவே இல்லை. கோதுமை விதைக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, அதற்குள் அந்த மண் உழவுக்கு வராது. அவள்தான் சொன்னாள், "கீழ்வயல இந்தக் குளிருக்குச் சும்மா விட்டுருவோம்மா, மேல அஞ்சு ஏக்கர்ல மட்டும் வெதைப்போம், ஈரத்துல உழுதா அடுத்த வருசமும் போயிரும்" என்று. எட்டு ஏக்கரைத் தரிசாக விடச் சொல்வது அவளுக்கு லேசான காரியமில்லை, ஆனாலும் சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். உன் அப்பா வழக்கம்போல, பாவம் பிள்ளை நல்லதுக்குத்தானே சொன்னான் என்று ஆரம்பித்தார். அப்படியானால் நீங்களே போய் அந்த நல்லதை வாளியில் அள்ளி வாருங்கள் என்றேன்.

போன மாதம் போனில் நீ கேட்டாய், அப்பாவுக்கு வயதாகிறது, வயல் பொறுப்பை இனி நானே நகரத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று. பதிலை இப்போது எழுதுகிறேன். அந்தப் பொறுப்பை உன் தங்கைக்குக் கொடுத்துவிட்டோம். அப்பாவும் சரி என்றார், அழுதுகொண்டேதான் என்றாலும் சரி என்றார். இயந்திரக்காரருக்கும் சொல்லியாயிற்று, உன் போனை அவர் எடுக்க மாட்டார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளாவேளைக்குச் சாப்பிடு. என் வயிற்றில் பிறந்தவன், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் தினமும் வேண்டுகிறேன், இன்றும் வேண்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. குளிர் முடிந்து கீழ்வயலில் என்ன விதைப்பது என்று உன் தங்கை முடிவு செய்வாள். அவள் கேட்காமல் யோசனை சொல்லாதே. கேட்டாலும் ஒரு நாள் கழித்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா