அப்பாவின் ஷூ அளவு

ஜூலை 6, ஞாயிறு

விடாத மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. அப்பாவுக்குக் கட்டு மாற்றியாயிற்று. கசிவு குறைவு.

மாலை வீடியோவில் தங்கச்சி வசந்தா. நர்சிங் படிக்கப் போன ஹைடல்பர்க்கின் பெரிய கடைத்தெருவை முழுக்க நடந்தே காட்டினாள். வண்டியே விடாத தெரு. அந்தக் காலத்துக் கட்டடங்கள், கீழே கடை, மேலே ஜன்னலெல்லாம் பூ. சந்து வழியே பார்த்தால் மலைமேல் இடிந்த கோட்டை. ஞாயிறென்று அத்தனை கடையும் பூட்டு! இங்கே எங்கள் லத்தா கடைத்தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். கண்ணாடி வழியாகவே ரொட்டி, பை, கடிகாரம் எல்லாம் பார்த்தோம். நான் வாயைப் பிளந்தபடி இருந்தேன். அப்பாவும்தான்.

போனை அவர் மார்புக்குக் கீழே இறக்கவே இல்லை. சர்க்கரையில் வலது பாதத்தை எடுத்து ஒரு மாதம். வசந்தாவுக்கு இன்னும் தெரியாது.

ஷூக் கடை முன்னால் நின்றுவிட்டாள். "அப்பா, சனிக்கெழம வந்து ஒங்களுக்கு ஒரு சோடி வாங்கறேன். சைஸ் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "மீ போயிருச்சு வசந்தா, அப்பறம் பேசறேன்." கரண்ட் போனதாகச் சொல்லி வெட்டிவிட்டேன். பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஜூலை 9, புதன்

வாங்க: பஞ்சு, கட்டுத்துணி, மெழுகுவத்தி, இஞ்சி.

சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அப்பா: "சொன்னா அடுத்த பிளேன்ல வந்துருவா. வந்தா இந்தப் பட்டாளத்துக்காரனுங்க திரும்பப் போக விடுவானுங்களா? படிப்பு போயிரும்." நியாயம்தான். ஆமாம் போட்டேன்.

ஊரார் புண்ணுக்குக் கட்டுப் போடப் படிக்கிறவளிடம் சொந்த அப்பாவின் புண்ணை மறைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. தெருவின் படம் இன்னொன்று அனுப்பியிருந்தாள், கீழே "சைஸ்?" என்று. பதிலுக்கு ஒரு இதயம் போட்டேன்.

ஜூலை 12, சனி

மழை விட்டது. மத்தியானம் முதல் மீ இல்லை. இது நிஜம்.

இருட்டுகிற நேரத்தில் வசந்தா. தெருவில் எள் போட இடமில்லை. கடைக்குள் நிற்கிறாள், கையில் பழுப்பு ஷூ, பக்கத்தில் விற்கிற பெண். "அக்கா, தள்ளுபடி! அப்பா காலக் காட்டு. இவங்க பாத்தே அளவு சொல்லிருவாங்களாம்."

"இங்க ஒரே இருட்டு. ஒண்ணும் தெரியாது" என்றேன். நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி.

அப்போது பார்த்து, கரண்ட் வந்த சந்தோஷத்தில் எங்கள் தெருவே கத்தியது: "மீ லாபி! மீ லாபி!" பல்ப் எரிந்தது.

"வந்துருச்சுல்ல! இப்பக் காட்டு."

எனக்குக் கை வரவில்லை. அப்பாவே போர்வையை விலக்கினார். "காட்டும்மா. போதும்."

காட்டினேன்.

விற்கிற பெண் ஏதோ கேட்டாள். ஷூவை அவளிடம் கொடுத்துவிட்டு வசந்தா தெருவுக்கு வந்தாள். அந்தக் கூட்டத்தில் நின்று, முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"யாரு கட்டு மாத்துறது?"

"நான்தான்."

"அவுத்துக் காட்டு. போனக் கிட்ட கொண்டு போ."